வியாழக்கிழமை ரத்தம்

என் ஃப்ரிட்ஜைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆஸ்பத்திரிக்குச் சொந்தமான ஃப்ரிட்ஜ்தான், நான் வெறும் லேப் டெக்னீஷியன்தான். இருந்தாலும் 1965-இல் ரத்தத்தைப் பாட்டிலில் எடுத்துச் சேர்த்து வைக்கிற பெட்டி என்று எங்கள் பக்கத்தில் நான் கண்டது அது ஒன்றைத்தான். மீமிசல், மணமேல்குடியிலிருந்தெல்லாம் ரத்தம் கேட்டுப் புதுக்கோட்டைக்கு எங்களிடம் ஆள் வரும். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் அதன் தெர்மாமீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுவேன். நாலு டிகிரி. ஏறவும் விடமாட்டேன், இறங்கவும் விடமாட்டேன். ஒருமுறை கம்பவுண்டர் திருப்பதி அதற்குள் ஒரு பன்னீர் சோடாவை வைத்துவிட்டார். சோடாவை முற்றத்தில் ஊற்றிவிட்டுக் காலி பாட்டிலை அவர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அதற்கப்புறம் யாரும் அந்தப் பக்கம் வரவில்லை.

என் பெயர் பிரகதாம்பாள். அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. எனக்குத் தெரியாதது எதுவும் அந்தப் பெட்டிக்குள் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஐப்பசியில் அன்னவாசல் பக்கத்துக் கிராமத்திலிருந்து செவந்தியைக் கொண்டுவந்தார்கள். இருபது வயதுப் பெண். கை, தொடை, முதுகு எங்கும் நீலம் பாய்ந்த கன்றல். முழங்காலுக்குக் கீழே குண்டூசியால் குத்தியதுபோலச் சிவப்புப் புள்ளிகள். ஈறிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. கூட வந்தவர்கள் மூன்று பேர்: புருஷன் சேவுகன், மாமியார் கண்ணாத்தாள், பெண்ணைப் பெற்ற அழகுமலை. அழகுமலை அவர்களோடு ஒட்டாமல் தள்ளி நின்றார். எங்கள் டாக்டர் ஆத்மநாதன் அந்தப் பெண்ணின் கையைப் புரட்டிப் பார்த்தபோதே அழகுமலை ஆரம்பித்துவிட்டார்.

"அடிச்சிருக்காங்கய்யா. ஊரே சொல்லுது. எல்லாம் மாமியாக்காரி கைவரிசை. நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

கண்ணாத்தாள் மறுத்து ஒரு சொல் பேசவில்லை. நாற்பத்தைந்து வயதிருக்கும், நல்ல திடமான உடம்பு, காடு கரையில் வேலை செய்து காய்ப்பேறிய கை. தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சேவுகன்தான், "எங்கம்மா அப்படியாப்பட்டவுக இல்லைங்க" என்றான். பேசாமல் நின்ற அவள்மேல் எனக்கும் சந்தேகம்தான்.

நான் ரத்தம் எடுத்து எண்ணினேன். ரத்தத்தில் சிவப்பணு, வெள்ளையணு தவிர பிளேட்லெட் என்று மூன்றாவதாக ஒன்று உண்டு. தூசி மாதிரி இருக்கும். உடம்பில் எங்கே கீறல் விழுந்தாலும் அங்கே ஓடிப்போய் ஒட்டிக்கொண்டு ஓட்டையை அடைப்பதுதான் அதன் வேலை. ஊசிமுனையளவு ரத்தத்தில் அது ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டும். செவந்திக்கு இருந்தது பதினோராயிரம். இரண்டாம் முறை எண்ணியும் அதேதான்.

"இது அடி இல்லை, சீக்கு" என்று டாக்டர் அழகுமலையிடம் விளக்கிச் சொன்னார். இந்தப் பெண்ணின் மண்ணீரல் அவளுடைய பிளேட்லெட்டையே பிடித்துத் தின்கிறது, அதனால் லேசாகப் பட்டாலும் கன்றிப்போகிறது என்றார். அழகுமலை தலையாட்டினார். வெளியே வந்து என்னிடம், "டாக்டரு நல்ல மனுசன். குடும்பத்துக்குள்ள சண்டை வேணாம்னு அப்படிச் சொல்றாரு" என்றார். எதற்குமே மசியாத ஆள்.

ஒரு மாதம் மாத்திரை கொடுத்துப் பார்த்தோம். எண்ணிக்கை ஏறவில்லை. மண்ணீரலை எடுத்துவிடுவதுதான் வழி என்று முடிவானது. திருச்சியிலிருந்து ஒரு சர்ஜன் செவ்வாய்க்கிழமை தோறும் காரில் வந்து, ஆபரேஷன்களை முடித்துவிட்டு மதியம் திரும்பிவிடுவார். அடுத்த செவ்வாய் செவந்திக்கு என்று நாள் குறித்தார்கள். ரத்தம் தேவைப்படும் என்று சொன்னதும் கண்ணாத்தாள் முதன்முறையாக வாயைத் திறந்தாள்.

"செவ்வாக்கெழமையும் வெள்ளிக்கெழமையும் எங்க வீட்டுலேருந்து ஒண்ணும் வெளிய போகாதுங்க. ஒறைமோர்கூடக் குடுக்க மாட்டோம். இன்னைக்கு வியாழக்கெழமைதான? இன்னைக்கே எடுத்துக்கங்க."

இது எங்கள் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். செவ்வாய் வெள்ளியில் கொடுத்தால் வீட்டு லட்சுமி கூடவே போய்விடுவாள் என்பார்கள். நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "நீங்க கவலையே படாதீங்கக்கா. என் பெட்டியில இருபத்தோரு நாள் வச்சாலும் ஒண்ணும் ஆகாது. இன்னைக்கே குடுங்க."

அத்தனை பேர் விரலையும் குத்திக் குரூப் பார்த்தேன். செவந்திக்கு பி குரூப். சேவுகன், அழகுமலை, கண்ணாத்தாள் மூவருக்கும் பி-தான். ஆண்கள் இருவர் கொடுத்தால் போதும் என்று இரண்டு பாட்டில் எடுத்தேன். சேவுகன் ஒல்லிக்குச்சி, எழுந்து நின்றதும் ஆடினான். அழகுமலைக்கு மயக்கமே வந்துவிட்டது. பாட்டில்களில் பேரும் தேதியும் ஒட்டி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். சொன்ன நாளுக்கு ஐந்து நாள் முன்னாலேயே வேலையை முடித்துவிட்ட பெருமையில் அன்றைக்கு நான் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை மதியம் செவந்திக்கு மூக்கில் ரத்தம் பெருக ஆரம்பித்தது. மூன்று மணி நேரம் பஞ்சை அடைத்துப் பிடித்த பிறகுதான் நின்றது. மூக்கில் வந்தது தலைக்குள் வந்தால் அவ்வளவுதான், இன்னொரு வாரம் தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் சொன்னார். அப்போதுதான் சர்ஜனின் கடிதத்தை என்னிடம் நீட்டினார். மண்ணீரலுக்குப் போகிற ரத்தக்குழாயைக் கட்டியதும் புது ரத்தம் ஏற்ற வேண்டும், அன்றைக்கு எடுத்ததாக இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

"நம்மகிட்ட ரெண்டு பாட்டில் இருக்கே சார்."

"அது வியாழக்கிழமை எடுத்தது பிரகதா. அவர் கேக்குறது பிளேட்லெட்டுக்காக. அது குளிர்ல நிக்காதுங்கிறாங்க."

"யாரு சொன்னது? நாலு டிகிரிக்கு ஒரு புள்ளி கூடலை, கொறையலை. நோட்டைக் காட்டட்டுமா?"

"நோட்டு வேண்டாம். எண்ணிப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார் அவர். அவர் குரலை உயர்த்துவதே இல்லை, அதுவே எனக்கு எரிச்சலை ஏற்றும்.

நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான். எண்ணிக் காட்டி அவர் வாயை அடைப்பது என்று செவ்வாய்க்கிழமை விடிந்ததும் லேபைத் திறந்தேன். ஒப்பிட்டுப் பார்க்க அதே ஆளின் புது ரத்தம் ஒரு சொட்டு வேண்டும். வராண்டாவில் படுத்திருந்த சேவுகனை எழுப்பினேன். அவன் அம்மா இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "செவ்வாக்கெழமைங்க" என்று கிசுகிசுத்தான். ஒரு சொட்டுக்குக் கணக்கில்லை என்று சொல்லி விரலைக் குத்தினேன்.

கட்டம் போட்ட கண்ணாடியில் முதலில் அவன் விரல் சொட்டு. நீலச் சாயத்தில் சின்னச் சின்னதாக மின்னிக்கொண்டு, நெருக்கமாக, இரண்டு லட்சத்துக்கு மேல். அடுத்து அவனுடைய வியாழக்கிழமை பாட்டிலை மெதுவாகக் கலக்கி ஒரு சொட்டு. சிவப்பணுக்கள் பத்திரமாக இருந்தன. பிளேட்லெட்டைத் தேட வேண்டியிருந்தது. இங்கே ஒன்று, அங்கே ஒன்று. ஊதி உருண்டையாக, பாதி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தன. சாயத்தை மாற்றிப் பார்த்தேன். கண்ணாடியைக் கழுவிப் பார்த்தேன். அழகுமலையின் பாட்டிலையும் பார்த்தேன். இருபதாயிரத்தைத் தாண்டவில்லை. அதில் உயிரோடு எத்தனை என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

பல வருஷம் கழித்து, குளிர்தான் அதற்கு எமன், சாதாரண அறைச் சூட்டில் ஆட்டிக்கொண்டே வைத்திருந்தால்தான் சில நாள் தாங்கும் என்று படித்தேன். அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. நான் பொத்திப் பொத்திக் காத்த பெட்டிதான் அதைக் கொன்றிருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது, ஏனென்றால் ஆபரேஷனுக்கு இன்னும் மூன்று மணி நேரம்தான் இருந்தது.

டாக்டரிடம் போய், "நீங்க சொன்னதுதான் சரி" என்றேன். அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை, யாரிடம் எடுப்பது என்று மட்டும் கேட்டார். அவருக்கும் எனக்கும் ஏ குரூப். ஆயா மருதாயிக்கு ஏபி. இரண்டும் செவந்திக்குச் சேராது. திருப்பதிக்குப் போன வருஷம்தான் காமாலை வந்து போயிருந்தது, அவர் ரத்தம் ஆகாது. சேவுகன் தன்னிடமே மறுபடி எடுக்கச் சொல்லி நின்றான். ஐந்து நாளில் இரண்டாம் முறை, அதுவும் அந்த உடம்பில், முடியவே முடியாது என்றார் டாக்டர். அழகுமலைக்கு இன்னும் தலைசுற்றல் தீரவில்லை. ஊருக்கு ஆள் அனுப்பி, அவர்கள் வந்து குரூப் பார்த்து முடிப்பதற்குள் சர்ஜன் திருச்சிக்கே போய்ச் சேர்ந்துவிடுவார். மிச்சம் இருந்தது கண்ணாத்தாள் ஒருத்திதான்.

வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தவளிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"வியாழக்கெழமை எடுத்ததே இருபத்தோரு நாளு இருக்கும்னீங்களே" என்றாள்.

"சொன்னேங்கக்கா. இப்ப அது போதாது. ஒங்ககிட்ட எடுக்கணும்."

"இன்னைக்கா?" அவள் முகம் இறுகிப்போனது. "சேவுகனோட அப்பா ஒரு செவ்வாக்கெழம, பக்கத்துக் காட்டுக்காரரு கேட்டாருன்னு காளைக்கன்ன அவுத்துக் குடுத்தாக. அந்த மாசமே போய்ச் சேந்துட்டாக. ஒறைமோரே குடுக்காத வீட்டுல ரெத்தத்தக் கேக்குறீங்களே."

நான் என் சாமர்த்தியத்தைக் காட்டினேன். "ஒங்க ரத்தம் ஒங்க மருமகளுக்குத்தானே போகுது? வீட்டை விட்டு எங்க வெளிய போகுது?"

"பாட்டில்ல புடிச்சு நீங்க தூக்கிட்டுப் போவீங்க. அது வெளிய போறதில்லாம என்னங்க?"

இன்னும் இரண்டு வார்த்தை பேசினால் எனக்குக் கோபம் வந்துவிடும், காரியம் கெட்டுவிடும் என்று தெரிந்தது. அவள் கையைப் பிடித்து லேபுக்குக் கூட்டிவந்தேன். மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னேன்.

"இது ஒங்க மகனுக்கு இன்னைக்குக் காலையில விரல்ல எடுத்தது. சின்னதா மினுக்கிக்கிட்டு இருக்கா?"

"ஒரு சொட்டு எடுத்துட்டீங்களாக்கும்" என்றாள். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. "இருக்கு. நெறைய."

கண்ணாடியை மாற்றினேன். "இது அதே மகன் வியாழக்கெழமை குடுத்தது."

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். "பெரிய பெருசா உருண்டையா கெடக்கே, அது?"

"அது சிவப்பணு. அது நல்லாத்தான் இருக்கு. ஒடம்புல தெம்பு ஏத்த அது ஆகும். ரத்தத்த நிறுத்துற சின்னதுதான் செத்துப்போச்சு."

கண்ணாத்தாள் நிமிர்ந்தாள். "ஒடச்சு வச்ச கடலை மாதிரி."

எனக்குப் புரியவில்லை.

"தொலிய ஒடச்சு நாள்பட வச்ச கடலைய வறுத்துத் திங்கலாம், எண்ணெ ஆட்டலாம். வெதைச்சா மொளைக்காது. பாக்குறதுக்கு ஒண்ணுபோலதான் இருக்கும். அதான் வெதைக்கடலைய தொலியோட வச்சிருந்து, வெதைக்கிற நேரத்துக்குத்தான் ஒடைப்போம். ஒங்களுக்கு இது தெரியாதா?"

நான் படித்த படிப்பில் அது இல்லை. "தெரியாதுக்கா. வியாழக்கெழமையே குடுங்கன்னு நான்தான் சொன்னேன். தப்பு என்னோடது. ஒங்க வழக்கத்து மேல தப்பில்லை" என்றேன். அப்படி ஒருவரிடம் ஒத்துக்கொண்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

வார்டிலிருந்து செவந்தியை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. "அத்தை எங்கே?" என்று அந்தப் பெண் யாரையோ கேட்டாள்.

"லெச்சுமி போனாப் போகட்டும்" என்றாள் கண்ணாத்தாள். "இன்னைக்குப் போனா இன்னொரு நாளைக்கு வருவா. இந்தப் புள்ள போனா எவ வருவா? எடுங்க." சேலைத் தலைப்பை ஒதுக்கிவிட்டுக் கையை நீட்டினாள். ரத்தம் எடுக்கிறவள் அழக்கூடாது.

செவந்தி ரத்தத்தோடு அவள் ரத்தத்தைச் சேர்த்துப் பார்த்தேன், கட்டி தட்டவில்லை. ஆபரேஷன் தொடங்கிவிட்டது என்று தகவல் வந்த பிறகே ஊசியைப் போட்டேன். முக்கால் பாட்டில். ரத்தம் இறங்க இறங்கப் பாட்டிலை மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தேன். முடிந்ததும் மருதாயி பழக்கதோஷத்தில் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நேரே ஃப்ரிட்ஜுக்கு நடந்தாள். நான் ஓடிப்போய்க் கதவைக் காலால் உதைத்துச் சாத்தினேன். "இதுக்குள்ள வைக்காதீங்க" என்று நான் சொல்வதைக் கேட்டு அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

பாட்டில் கைக்குள் இளஞ்சூடாக இருந்தது. தியேட்டர் கதவில் கொடுத்துவிட்டு, கதவு இடுக்கில் பார்த்தபடி அங்கேயே நின்றேன். உள்ளே சேவுகனின் வியாழக்கிழமை பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. செவந்தியின் உதட்டில் நிறம் வந்திருந்தது, நாடியும் நன்றாக இருந்தது. வெட்டிய இடத்தில் மட்டும் ரத்தம் ஊறி ஊறி வந்தது. நர்ஸ் வாளியில் போடுகிற பஞ்செல்லாம் ஊறிச் சிவந்து விழுந்தது. குழாயைக் கட்டியாயிற்று என்று சர்ஜன் சொன்னதும் டாக்டர் அதை எடுத்துவிட்டுக் கண்ணாத்தாளின் பாட்டிலை மாட்டினார்.

நான் பஞ்சை எண்ணினேன். முழுச் சிவப்பு. அடுத்ததும் முழுச் சிவப்பு. கால் மணி நேரம் போனது. அடுத்தது நடுவில் மட்டும் சிவந்திருந்தது. அதற்கடுத்தது ஓரத்தில். அப்புறம் வந்தது கிட்டத்தட்ட வெள்ளை. சர்ஜன் நிமிர்ந்து, "தையல் போடலாம்" என்றார். நான் லேபுக்கு ஓடினேன்.

லேபில் பெஞ்சில் படுத்திருந்த கண்ணாத்தாள் என்னைக் கண்டதும் எழ முயன்றாள். "நின்னுருச்சா?"

"நின்னுருச்சு. பொழைச்சுக்கிட்டா. நல்லா இருக்கா."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று விட்டுவிட்டுக் கண்ணாடிகளைக் கழுவப் போனேன். அவள் பின்னாலிருந்து பேசினாள்.

"ஆடியில பால் பொங்கி அடுப்புல ஊத்திருச்சு. ஆத்திரத்துல அவ கையப் புடிச்சு வெடுக்குன்னு இழுத்தேன். அவ்வளவுதான் செஞ்சேன். மறுநாளு பாத்தா என் அஞ்சு வெரலும் அவ கையில கருநீலமா பதிஞ்சு கெடக்கு. அப்புறம்தான் ஒடம்பு பூரா பரவுச்சு. என் கைதான் வெசமாப் போச்சுன்னு நெனச்சேன். அழகுமலையண்ணன் ஊருக்குள்ள சொன்னப்ப நான் ஏன் பேசலை? அது நெசம்னுதான் பேசலை. நாலு மாசமா அவளுக்குச் சோறுகூட நான் கைதொட்டுப் போடலைங்க."

நான் கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இங்க பாருங்கக்கா. மனுசர் பேச்சு பொய்யாகும். நான் எண்ணுன கணக்கு பொய்யாகாது. நீங்க தொடுறதுக்கு முன்னாடியே அவளுக்குள்ள அந்தச் சின்னது கொறஞ்சுபோச்சு. அதனாலதான் தொட்டதும் பதிஞ்சுது. அன்னைக்கு அவ புருசன் புடிச்சிருந்தாலும் பதிஞ்சிருக்கும், அவ அப்பன் புடிச்சிருந்தாலும் பதிஞ்சிருக்கும். ஒங்க கையால வந்த சீக்கு இல்லை இது."

"சத்தியமாவா?"

"சத்தியமா."

அவள் தன் வலது கையை விரித்து, உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. எழுந்து விறுவிறுவென்று வராண்டாவுக்குப் போனேன். அங்கே சேவுகனிடமிருந்து பத்தடி தள்ளி, தூணோரம் அழகுமலை நின்றிருந்தார். வார்டில் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினேன்.

"அழகுமலையண்ணே, ஒங்க மகளை யாரும் அடிக்கலை. மாமியா அடிச்சுதான் கன்னிப்போச்சுன்னு இனிமே யாராச்சும் சொன்னா, அவுகளை எங்கிட்ட அனுப்புங்க, எண்ணிக் காட்டுறேன். இப்ப ஒங்க மக ஒடம்புல ரத்தம் நின்னுருக்குன்னா, அது அந்தம்மா செவ்வாக்கெழமைன்னு பாக்காம குடுத்த ரத்தம். அவுக உள்ளதான் படுத்திருக்காக."

அழகுமலை என்னைப் பார்த்தார், சேவுகனைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு லேபுக்குள் போனார். உள்ளே "தங்கச்சி" என்று அவர் கூப்பிட்டது வராண்டா வரைக்கும் கேட்டது.